ஒய்பி எதற்குக் கையைத் தூக்கினார்?

சாந்தி கண்ணு,

நீ அனுப்பிய பெரிய உறை வந்து ஒன்பது நாள் ஆகிறது. பதில் போடாமல் உட்கார்ந்திருப்பதற்கு உன் அம்மா தினமும் எனக்கு அர்ச்சனை செய்கிறாள். “மூணாம் வகுப்பு படிச்ச மனுசனுக்கு ஒரு கடுதாசி எழுத ஒம்போது நாளா?” என்கிறாள். அந்த மூன்றாம் வகுப்பிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டு மாட்டுக்குப் புல் அறுக்கப் போனேன் என்பது அவளுக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது, நீயும் சொல்லிவிடாதே. வழக்கமாக என் கடிதத்தில் கோழி முட்டையிட்டது முதல் உன் அம்மா மார்க்கெட்டில் போட்ட சண்டை வரை எல்லாம் இருக்கும், நீயும் உன் அறைத் தோழிகளுக்குப் படித்துக் காட்டிச் சிரிப்பதாக எழுதுவாய். இந்தக் கடிதத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டாதே. இரண்டு இடத்தில் பேனா அழுந்தித் தாள் கிழிந்திருக்கிறது. பேனாமேல் குற்றமில்லை.

கோலாலம்பூரில் ஒய்பி அலுவலகத்தில் உனக்கு டைப் அடிக்கும் வேலை கிடைத்தபோது இந்தத் தேயிலைத் தோட்டம் முழுக்கத் தண்டோரா போட்டவன் நான்தான். பேப்பரில் அவரை மாண்புமிகு என்று போடுவார்கள், நமக்கு அவர் ஒய்பி. எத்தனையோ வருசமாக நாம் ஓட்டுப் போட்டுச் சபைக்கு அனுப்புகிற ஆள். அவர் ஆபீசில் நம் லயத்து வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள் என்று தானா ராத்தா பஸ் ஸ்டேசனில் முன்பின் தெரியாதவனைக்கூட நிறுத்திச் சொன்னேன். அப்புறம்தான் இந்த உறை வந்தது. உள்ளே மலாயில் டைப் அடித்த ஆறு தாள். ஒவ்வொன்றின் கீழேயும் கோடு போட்டுப் பெயருக்கும் கைநாட்டுக்கும் இடம். கூடவே நீ எழுதியிருந்தாய்: “ஒய்பிக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம், அவ்வளவுதான்பா. எல்லார்கிட்டயும் வாங்கி அனுப்புங்க. நீங்க சிரிச்சுக்கிட்டே கேட்டா யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க.”

அந்தக் கடைசி வரியில் நான் நின்றுவிட்டேன். பதினோரு வருசத்துக்கு முன்னால் இதே பேச்சைத்தான் நம் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி என்னிடம் பேசினார். அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது. நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். தெரியாத பாதியை நான்தான் மறைத்தேன். இன்றைக்கு எழுதுகிறேன்.

நான் ஓட்டிய கொழுந்து லோரியை நீ மறந்திருக்க மாட்டாய். நம் மேல் டிவிசனிலிருந்து பள்ளிக்கூடம் மூன்று மைல் கீழே. கொழுந்து ஏற்றுவதற்கு முன்னால் காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் விடுவது என் வேலை. கூரை கிடையாது, உட்காரப் பலகை கிடையாது. முப்பது பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். மழைக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை தலையில். தோட்டத்துத் துரை தன் காடியில் டவுனுக்குப் போகும்போது அவருடைய நாய் முன் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடி ஏற்றிவிட்டு, குளிர் படாமல் போகும். எதிரே வரும் நம் பிள்ளைகளைப் பார்த்து அது குரைக்கக்கூடச் செய்யாது. அதற்கே பரிதாபமாக இருந்ததோ என்னவோ. “நிமிந்து நின்னு வணக்கம் சொல்லுங்கடா, பெரிய துரை போறாரு!” என்று நான் கத்துவேன், நீங்கள் எல்லாரும் நாய்க்கு வணக்கம் வைப்பீர்கள். எனக்கு அந்தக் காலை நேரம் கூத்துமேடை மாதிரி. நான் எது சொன்னாலும் முப்பது வாய் சிரிக்கும். சிரிக்க ஆள் இருந்தால் எனக்குச் சோறு வேண்டாம், உனக்குத் தெரியும்.

லோரியின் பின்பலகைக்கு இரண்டு கொக்கி. இடது பக்கத்துக் கொக்கி தேய்ந்துபோய்விட்டது. பட்டறையில் மூன்று தடவை சொன்னேன். “அடுத்த மாசம் பாக்கலாம்லா” என்றார்கள். நான் கம்பியைச் சுற்றிக் கட்டிவிட்டு ஓட்டினேன். கொக்கி மாட்டும்வரை பிள்ளைகளை ஏற்ற மாட்டேன் என்று நான் ஒரு நாள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தொழிற்சாலைக்குக் கீழே உள்ள வளைவில், ஈர ரோட்டில், நீங்கள் எல்லாரும் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டு வந்த சத்தம் திடீரென்று நின்றது. அலறல் எதுவும் என் காதில் விழவில்லை, சத்தம் நின்றதுதான் விழுந்தது. இறங்கிப் பின்னால் ஓடினேன். பலகை தொங்கிக்கொண்டிருந்தது. லெட்சுமியின் மகள் பார்வதி, எட்டு வயது, ரோட்டில் கிடந்தாள். அவளுடைய புத்தகப் பை உன் கையில் இருந்தது. அவளைப் பிடிக்கப் பாய்ந்த உனக்குப் பைதான் அகப்பட்டிருக்கிறது. நீ அந்தப் பையை ராத்திரிவரை கீழே வைக்கவில்லை.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு ஈப்போவுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது அவளுக்கு வலது கால் குட்டையாகிவிட்டது. ஒய்பி அப்போது வந்தார். நம் பெரட்டுக் களத்தில், காலையில் பேர் கொடுக்க எல்லாரும் கூடும் அந்த இடத்தில், பந்தல் போட்டு மாலை போட்டோம். அவர் பார்வதியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பேப்பர்க்காரன் படம் பிடித்தான். “இனிமே இந்தத் தோட்டத்துல ஒரு பிள்ள லோரில நிக்காது. இது என் பொறுப்பு” என்றார். லெட்சுமி குனிந்து அவர் காலைத் தொட்டாள். நான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கை தட்டினேன்.

ஒரு வருசம் கழித்து, எழுபத்தைந்தோ எழுபத்தாறோ, டவுனில் பாய் கடையில் தேத்தண்ணி குடிக்கும்போது பாய் பேப்பர் படித்துச் சொன்னார். பள்ளிப் பிள்ளைகளைச் சரக்கு லோரியில் ஏற்றக் கூடாது, கூரையும் சீட்டும் உள்ள வண்டிதான் விட வேண்டும் என்று சபையில் சட்டம் கொண்டு வருகிறார்களாம். எனக்குத் தலைகால் புரியவில்லை, அத்தனை சந்தோசம். அடுத்த வாரம் கிராணி என்னைக் கூப்பிட்டு மலாயில் எழுதிய சில தாள்களைக் கொடுத்தார். “பிள்ளைங்க பஸ்ஸு விசயமா ஒய்பிக்கு ஒரு சூராட், கடுதாசிதான். எல்லார்ட்டயும் கைநாட்டு வாங்கு. நீ சிரிச்சுக்கிட்டே கேட்டா எவன் மாட்டேம்பான்?” என்றார். நான் வெளியே போகத் திரும்பும்போது, “பஸ்ஸு வந்தா வேற டிரைவர் வருவான்லா. உனக்குப் பஸ் லைசன் இல்லையே” என்று ஒரு வார்த்தையும் போட்டார். சும்மா சொல்வது போலத்தான் சொன்னார். அந்த வார்த்தை என் கூடவே லயத்துக்கு வந்தது.

மூன்று நாளில் நம் டிவிசன் முழுக்க வாங்கினேன். முனியாண்டிக் கிழவரிடம், “பெருசு, விரலைத்தான் கேட்டேன், பொண்ணு கேக்கல, குடு” என்றேன். லெட்சுமியிடம் போனபோது அவள் தாளைப் பார்த்தாள். “என்னண்ணே எழுதியிருக்கு இதுல?” என்று கேட்டாள். “உனக்கு ரெண்டாங் கல்யாணப் பத்திரிகை. மாப்பிள்ளை கியா பார்ம்ல முட்டைக்கோசு விக்கிறாரு” என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்துவிட்டு விரலை வைத்தாள். வீட்டுக்கு வந்ததும் நீ கேட்டாய், “அப்பா, குடுங்க, நான் படிச்சுச் சொல்றேன்.” அந்த லயத்தில் மலாய் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நீ. நான் உன் தலையில் ஒரு தட்டுத் தட்டி, “பெரியவங்க சூராட்ல உனக்கென்ன வேலை, போய்க் கோழியை அடை” என்றேன். நினைவிருக்கிறதா? அந்தத் தாளில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, இது சத்தியம். தெரிந்துகொள்ள எனக்கு மனசில்லை, இதுவும் சத்தியம்.

அதற்குப் பிறகு ஒரு நாள் பாய் என்னைக் கடைக்குள் பார்த்ததுமே பேப்பரை எடுத்து விரித்தார். “இங்க வாப்பா. உங்க தோட்டத்துப் பேருதானே இது?” சட்டம் நிறைவேறிவிட்டது. ஆனால் தோட்டங்களுக்கு விலக்கு. அந்த விலக்கைக் கேட்டுப் பேசியதே நம் ஒய்பிதான். பிள்ளைகளுக்கு இப்போது இருக்கும் லோரியே போதும், பஸ் வேண்டாம் என்று தோட்டத்துப் பெற்றோர்களே கைநாட்டு வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தாள்களைச் சபையில் தூக்கிக் காட்டியிருக்கிறார். ஓட்டெடுப்பு நடந்தபோது விலக்குக் கொடுக்கச் சொல்லிக் கையைத் தூக்கியிருக்கிறார். பார்வதியைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்ட அதே கை! பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “கைநாட்டு வாங்குனது யாருப்பா?” என்று கேட்டார். “எந்தக் கழுதையோ” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன். கடையில் யாரும் சிரிக்கவில்லை. என் வாழ்நாளில் முதல் தடவை.

நேராக லெட்சுமி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், முறத்தைக் கீழே வைக்காமல் கேட்டாள். எல்லாம் கேட்டுவிட்டு, “அண்ணே, அன்னைக்குப் பலக தானாத் தெறந்துச்சு. இதை நீ தெறந்துவிட்டே” என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை என்று நினைக்காதே. பேசினாள், உன் சடங்குக்கு வந்து நலுங்கு வைத்தாள். அந்த வார்த்தையை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

என்மேல் எனக்கு இருக்கும் கோபத்தை எழுதிவிட்டேன். இப்போது அவர்மேல் இருப்பதை எழுதுகிறேன், கேள். நான் செய்தது தப்பு, மறைக்க முடியாத தப்பு. ஆனால் எனக்கு அந்தத் தாளைப் படிக்கத் தெரியாது. அவருக்குத் தெரியும். பார்வதியின் கால் எவ்வளவு குட்டை என்று அவருக்குத் தெரியும், இடுப்பில் வைத்துப் பார்த்தவர்தானே. துரைமார் ஒரு விருந்து வைத்து, பஸ் வாங்கினால் செலவு என்று சொன்னதும், முப்பது பிள்ளைகளை மறுபடியும் கயிற்றைப் பிடிக்கச் சொல்லிக் கையைத் தூக்கிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருப்பார். பிறகு அடுத்த எலெக்சனுக்கு அதே பெரட்டுக் களத்துக்குச் சிரித்துக்கொண்டு வந்தார். கோயிலுக்கு ஒரு மணி, பந்து விளையாடும் பையன்களுக்குச் சட்டை. மாலை போட்டோம். நானும் வரிசையில் நின்றேன். ‘சபையில் எங்கள் பிள்ளைகளுக்கு எதிராகக் கையைத் தூக்கினீர்களே, ஏன்?’ என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் கைநாட்டு வாங்கியவன் யார் என்று அவர் திருப்பிக் கேட்பாரே! என்னைச் சாட்சியாக வைத்தே என் வாயை அடைத்துவிட்டார். இரண்டு எலெக்சன் இப்படியே போனது. நாம் அவருடைய வேட்டிக் கரையைப் பார்க்கிறோம், கும்பிடும் கையைப் பார்க்கிறோம், மணியின் சத்தத்தைப் பேசுகிறோம். எந்தச் சட்டத்துக்கு அவர் என்ன செய்தார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. அந்தக் கை மேலே போவது ஒரு நொடி. கீழே நம் பிள்ளைகள் நின்றது பதினோரு வருசம். போன வாரம் வரைக்கும் நின்றார்கள். வேறு லோரி, கொக்கி புதுசு, மழை அதேதான்.

இனி உன் தாளுக்கு வருகிறேன். தோட்டங்களுக்குக் கொடுத்த விலக்கை எடுத்துவிடலாமா என்று அடுத்த மாதம் சபையில் மறுபடி ஓட்டெடுப்பாம். பாய் கடையில் கேட்டேன். அதனால் உன் உறையை நான் வீடு வீடாகக் கொண்டு போகவில்லை. பார்வதியைக் கூப்பிட்டேன். அவள் இப்போது கை மிஷினில் துணி தைக்கிறாள், மிதிக்கிற மிஷின் அவள் காலுக்கு ஒத்துவராது. படிப்பில் கெட்டிக்காரி, மலாய் கடகடவென்று வரும். பேர் கொடுக்கும் நேரத்தில் பெரட்டுக் களத்தில் நிற்க வைத்து, “பாப்பா, மலாய்ல ஒரு வரி, தமிழ்ல ஒரு வரி, எல்லாருக்கும் படி” என்றேன்.

“சத்தமாப் படிலா, எனக்குக் காது மந்தம்” என்றார் முனியாண்டிக் கிழவர்.

“பொஞ்சாதி கூப்பிட்டா மட்டுந்தான் பெருசுக்குக் காது மந்தம். நீ படி பாப்பா” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். பார்வதி படித்தாள். கோயில் மணிக்கு நன்றி, ரோட்டுக்கு நன்றி என்று வந்தது. பிறகு ஒரு வரியில் நின்று, அதைத் திரும்ப ஒரு தடவை பார்த்துவிட்டுப் படித்தாள்: “பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்போது உள்ள வண்டி வசதி எங்களுக்கு முழுத் திருப்தி. இதில் எந்த மாற்றமும் வேண்டாம்.”

“திருப்தியா? எவனுக்குலா திருப்தி?” என்றார் கிழவர். காது நன்றாகத்தான் கேட்கிறது அவருக்கு. லெட்சுமி முன்னால் வந்தாள். நான் கொண்டு போயிருந்த மை டப்பாவை மூடித் தன் கூடைக்குள் போட்டுக்கொண்டு மலைக்கு ஏறிப் போனாள். ஒவ்வொருத்தராக அவள் பின்னால் போனார்கள். களம் காலியானதும் பார்வதி என்னிடம் தாளை நீட்டி, கீழே இடது ஓரத்தில் இருந்த சின்ன எழுத்துகளைக் காட்டினாள். “மாமா, ஆபீஸ் கடுதாசில டைப் அடிச்சவங்க பேரோட மொத எழுத்து இங்கதான் போடுவாங்க” என்றாள். உன் எழுத்து. உன் பேருக்கு முன்னால் இனிஷியலாக என் எழுத்து. “இதை நான் அவங்களுக்குப் படிக்கல” என்றாள். அதற்குமேல் அவள் என்னைப் பார்க்கவில்லை.

கண்ணு, கொடுத்ததை அடித்தேன், படிக்கவில்லை என்று நீ சொல்வாய். நம்புகிறேன். பெரியவங்க சூராட்ல உனக்கென்ன வேலை என்று உன் தலையில் தட்டியவன் நான்தானே, அப்படியே வளர்ந்துவிட்டாய். அந்தத் தட்டை இன்றைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இனிமேல் உன் டைப் மிஷினுக்குள் போகும் ஒவ்வொரு தாளையும் படி. படித்த பிறகும் அடிக்க வேண்டியிருந்தால், அடிக்கலாமா என்று யோசி. அவர் கெட்டவரா நல்லவரா என்று நான் உன்னிடம் கேட்கவில்லை. உனக்கு அவர் பெருநாளுக்குப் பலகாரம் கொடுத்திருப்பார், அன்பாகப் பேசியிருப்பார். இருக்கட்டும். சபைக்குள் என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி.

தாள்களைத் திருப்பி அனுப்புகிறேன், ஒரு ரேகையும் இல்லை. நாங்கள் ஒரு முடிவெடுத்திருக்கிறோம். ஒய்பி இங்கே வரட்டும். பந்தல் கிடையாது, மாலை கிடையாது, மேளம் கிடையாது. களத்தில் நின்று, போன தடவை ஏன் அப்படிக் கையைத் தூக்கினேன், இந்தத் தடவை எதற்குத் தூக்கப் போகிறேன் என்று தமிழில் சொல்லட்டும். முதல் கேள்வி நான்தான் கேட்கப் போகிறேன். கைநாட்டு வாங்கியது யார் என்று அவர் கேட்டால், நான்தான் ஐயா, இப்போது நீங்கள் சொல்லுங்கள் என்பேன். இதை அவரிடம் நீ சொல்ல வேண்டும். சொல்லப் பயமாக இருந்தால் இந்தக் கடிதத்தை அவர் மேசையில் வைத்துவிடு.

அவர் வராவிட்டால் உனக்கு இன்னொரு வேலை. ஓட்டெடுப்பு நாளில் லீவு போட்டுவிட்டுச் சபைக்குப் போ. பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்க மேலே இடம் விடுவார்களாம், பாய் சொன்னார். அவருடைய கையை மட்டும் பார். மேலே போனதா, போகவில்லையா, எழுந்து வெளியே போய்விட்டாரா என்று பார்த்ததை அப்படியே எழுதி அனுப்பு. கீழே உன் பேரை முழுசாகப் போடு. பார்வதி அதைக் களத்தில் படிப்பாள், அடுத்த எலெக்சனுக்குள் ஒவ்வொரு லயத்திலும் படிப்பாள். இதனால் உன் வேலை போனால் வீட்டுக்கு வா. உன் அம்மா கொஞ்ச நாள் என்னைத் திட்டுவாள், அது புதுசில்லை.

போன திங்கட்கிழமை நான் துரையிடம் போய், கொழுந்து ஏற்றுவேன், பிள்ளைகளை ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார். அதையும் பார்வதியை விட்டுப் படிக்கச் சொன்னேன், என்னைப் பற்றி அப்படி ஒன்றும் மோசமாக எழுதவில்லை. பிள்ளைகள் இந்த வாரம் நடந்துதான் பள்ளிக்குப் போகிறார்கள். முன்னால் இரண்டு தாய்மார், பின்னால் நான். பார்வதியும் பாதித் தூரம் வருகிறாள். அவள் மெதுவாகத்தான் நடப்பாள். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. பிள்ளைகள் வளைவில் நின்று அவள் வந்து சேர்ந்ததும்தான் நகர்கிறார்கள். மூன்று மைல். ஓட்டெடுப்பு நாள் வரைக்கும் எங்களால் நடக்க முடியும். அதற்கு மேலும் எத்தனை நாள் நடக்க வேண்டியிருக்கும் என்று நீ பார்த்து எழுது.

உன் அப்பா